கல்லாவில் இன்னொரு கை: கணவனோ மனைவியோ கடையைக் குலைக்கும்போது செய்ய வேண்டியவை

வேலூர் தோட்டப்பாளையத்தில் ஒரு டிபன் கடை என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரிக்கு வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்கள்தான் வாடிக்கை. காலை பத்தரைக்குக் கூட்டம் அடங்குகிறது. பால்காரர் பணத்துக்கு நிற்கிறார். கல்லாவைத் திறந்தால் இருக்க வேண்டியதில் 700 ரூபாய் குறைகிறது.

“இன்னாங்க, கல்லால 700 ரூபா கம்மியா கீதே?”

“வண்டிக்கு 400க்கு பெட்ரோல் போட்டேன். மாமா வூட்டுப் பையன் வந்தான், 300 குடுத்து அனுப்பினேன். நம்ம கடையில எடுக்கறதுக்கும் கணக்கா?”

கணவர் திருடவில்லை. சிக்கலே அதுதான். திருட்டு என்றால் பூட்டு போதும். இங்கே அவர் கணக்கில் அது வீட்டுப் பணம், உங்கள் கணக்கில் அது நாளைக்கு உளுந்து வாங்கும் பணம். எது கடைக்காசு, எது வீட்டுக்காசு என்று யாரும் கோடு போடவில்லை. கோடு இல்லாத இடத்தில் சண்டை போட்டால், சண்டை “உனக்கு என் மேல நம்பிக்கை இல்லையா” என்ற இடத்தில் போய் நிற்கும், கல்லா அப்படியே இருக்கும்.

கடையை நடத்துவது மனைவியாக இருந்தாலும் கணவனாக இருந்தாலும் முறை ஒன்றுதான். குடியும் அடியும் கலந்திருந்தால் வழி வேறு. அதைக் “குடி, சூதாட்டம், அடி” என்ற பகுதியில் தனியாகச் சொல்லியிருக்கிறது. உங்கள் வீட்டில் அந்த நிலை என்றால் அங்கிருந்தே படிக்கத் தொடங்கலாம்.

முதல் வேலை: 14 நாள் நோட்டு

பேசப் போவதற்கு முன் 14 நாள் எழுதுங்கள். 40 பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, மணி, என்ன நடந்தது, கடைக்கு எத்தனை ரூபாய் நட்டம் என்ற நான்கு மட்டும். “எப்பப் பார்த்தாலும் இப்படித்தான்” என்று எழுதாதீர்கள். டெய்லர் கடை என்றால், “செவ்வாய், மாலை 5.20, தையல் மாஸ்டரை வாடிக்கையாளர் முன்னால் திட்டினார், மாஸ்டர் 6 மணிக்கே கிளம்பிவிட்டார், 2 ரவிக்கை நின்றது” என்று எழுதுங்கள். ரூபாயாக மாற்ற முடியாததை நிமிடமாக எழுதுங்கள். அதே நாளில் எழுதிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் கோபம் தொகையைக் கூட்டிவிடும்.

உங்கள் கையையும் சேர்த்து எழுதுங்கள். நீங்கள் கல்லாவிலிருந்து எடுத்த ஆட்டோ காசு 60, பூ 30, பிள்ளையின் ஜெராக்ஸ் 20 எல்லாம். கூட்டிப் பார்க்கும்போது சில வீடுகளில் கடைக்காரர் எடுத்ததே கூடுதலாக இருக்கும். அதைத் தெரிந்துகொண்டு பேசப் போவது நல்லது.

14 நாள் முடிந்ததும் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஓர் எழுத்து போடுங்கள். பணம் எடுத்தது ‘ப’. உறவுக்கும் நண்பருக்கும் கடன் கொடுத்தது, விலை குறைத்தது ‘க’. வேலையாளிடமோ வாடிக்கையாளரிடமோ பேசியது ‘வா’. உங்கள் நேரத்தைத் தின்றது ‘நே’. எந்த எழுத்து அதிகமோ அங்கே தொடங்க வேண்டும். நான்கையும் ஒரே நாளில் சரி செய்யப் போனால் ஒன்றும் நடக்காது.

‘நே’ அதிகம் இருந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஒரு நாளில் 15 தடவை போன் வருகிறது என்றால், இரவு 11க்கு வீடு வரும் ஆளைப் பிடிக்க அந்தப் பக்கம் வேறு வழி இல்லாமல் இருக்கலாம். கடைதான் வீட்டைக் குலைக்கிறது என்ற கணக்கும் உண்டு. பகல் 2 மணிக்கும் மாலை 6 மணிக்கும் நீங்களே கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசுங்கள். பத்து நாளில் அந்த 15, நான்கைந்தாக இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் இந்த வழிகாட்டியின் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

பணம்: கடை, வீட்டுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்

இதைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தாலும் நிற்காது. வீட்டுக்கு இவ்வளவு என்று கடை ஒரு தொகையைக் குறித்த நாளில் கொடுக்காவிட்டால், வீட்டில் இருப்பவருக்குக் கல்லாவைத் தவிர வேறு இடம் கிடையாது. பூட்டினால் கேட்பார், கேட்டுக் கிடைக்காவிட்டால் கத்துவார், கத்தினால் நீங்கள் கொடுப்பீர்கள். அப்புறம் கத்தினால் கிடைக்கும் என்பது பழக்கமாகிவிடும்.

தொகையை எப்படிக் கண்டுபிடிப்பது? அதே டிபன் கடையை எடுத்துக்கொள்வோம். நாள் விற்பனை 6,500 ரூபாய். அரிசி, உளுந்து, எண்ணெய், காய், பால் 3,300. கேஸ் 400. ஓர் ஆள் கூலி 600. வாடகை மாதம் 9,000, நாளுக்கு 300. கரண்ட் 100. மொத்தச் செலவு 4,700, மிச்சம் 1,800. இந்த 1,800ஐத்தான் பலர் லாபம் என்று நினைத்து வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். அதில் மகளிர் குழுக் கடன் தவணைக்கு 200 போக வேண்டும். கிரைண்டர் பெல்ட், அடுப்பு பர்னர், மழையில் வியாபாரம் படுத்த நாள் என்று இவற்றுக்கு 300 ஒதுக்க வேண்டும். சரக்கு மொத்தமாக வாங்க, பாத்திரம் மாற்ற இன்னொரு 300. மீதி 1,000. வீட்டுக்கான சம்பளம் அவ்வளவுதான், வாரத்துக்கு 7,000.

உங்கள் எண்கள் வேறாக இருக்கும். ஆனால் வரிசை மாறக் கூடாது: சரக்கு, கூலி, வாடகை, தவணை, பழுது; அதற்குப் பிறகுதான் வீடு. வீட்டுத் தேவையை முதலில் எழுதி, மீதியில் கடையை ஓட்டப் பார்த்தால் நான்காவது மாதம் தண்டல்காரரிடம் போய் நிற்க நேரும். பத்தாயிரம் என்று எழுதிவிட்டு வட்டியைப் பிடித்துக்கொண்டு எட்டரையோ ஒன்பதோ கையில் கொடுப்பார். நாள்தோறும் 100 ரூபாய் வசூலுக்கு வந்து நிற்பார். அந்த 100 உங்கள் பழுதுப் பணத்திலிருந்துதான் போகும்.

இந்த 7,000க்குள் ஒரு பகுதியை, நாளுக்கு 150 என்று வைத்துக்கொண்டால் வாரம் 1,050, கணவர் அல்லது மனைவியின் கைச்செலவு என்று தனியாகக் கொடுத்துவிடுங்கள். அதற்குக் கணக்குக் கேட்கக் கூடாது. பெட்ரோல், டீ, மாமா வூட்டுப் பையன் எல்லாம் அதில்தான். கணக்குக் கேட்காத காசு என்று ஒன்று இருந்தால்தான் கணக்குக் கேட்கும் காசை அவர் தொடாமல் இருப்பார். இந்த 150ஐக் கொடுக்க மனம் வராதவர்கள் மாதம் மூவாயிரம் நாலாயிரம் கல்லாவில் இழந்துகொண்டிருப்பார்கள். நோட்டைக் கூட்டினால் தெரியும்.

சனிக்கிழமை இரவு கொடுங்கள். ஞாயிறு கறி எடுக்கும் நாள், உறவினர் வரும் நாள். கை நீளும் நாளும் அதுதான். திங்கட்கிழமை கொடுப்பதாக வைத்தால் ஞாயிறன்றே கல்லா திறந்துவிடும்.

கல்லாவை நடத்தும் முறை

காலையில் கல்லாவில் 1,000 ரூபாய் சில்லறை மட்டும் இருக்கட்டும்: 50 ரூபாய் 6, 20 ரூபாய் 15, 10 ரூபாய் 30, ஐந்து ரூபாய் நாணயம் 20. இது எந்த நாளும் மாறக் கூடாது. காலை 11க்கும் மாலை 4க்கும் கல்லாவில் 1,500க்கு மேல் இருப்பதை எடுத்து, மேல் பக்கம் துளை உள்ள பூட்டுப் பெட்டியில் போட்டுவிடுங்கள். சாவி உங்கள் இடுப்பில். பெட்டியைக் கடையில் நிலையாகத் திருகி வைத்திருந்தால் நல்லது.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுச்சீட்டுக் கட்டு, நூலில் கட்டிய பேனா. யார் எடுத்தாலும் சீட்டு: எவ்வளவு, எதற்கு, யார். பால் 300 கொடுத்தாலும் சீட்டு, நீங்கள் 20 ரூபாய் எடுத்தாலும் சீட்டு. இரவில் கணக்கு இப்படி: எண்ணிய ரொக்கத்தையும் பெட்டிப் பணத்தையும் கூட்டி, காலைச் சில்லறையைக் கழித்து, சீட்டுத் தொகையைக் கூட்டினால் ரொக்க விற்பனை. கல்லாவிலும் பெட்டியிலும் சேர்த்து 3,420 இருக்கிறது. சில்லறை 1,000 போனால் 2,420. பாலுக்கும் காய்க்கும் கொடுத்த சீட்டு 850. ஆக 3,270 ரொக்க விற்பனை. போனில் வந்தது 3,200 என்றால் மொத்தம் 6,470. டோக்கன் அல்லது பில் 6,500 காட்டினால் 30 ரூபாய் வித்தியாசம், அதை விட்டுவிடலாம். 300 வித்தியாசம் என்றால் சீட்டில்லாமல் கை போயிருக்கிறது.

இந்த முறை மூன்றாவது வாரத்தில்தான் கெடும். அவசரத்தில் நீங்களே ஒரு நாள் சீட்டில்லாமல் 50 எடுப்பீர்கள். அதை அவர் பார்த்திருப்பார். அதோடு முடிந்தது. சீட்டு உங்களுக்கும் சேர்த்துத்தான் என்று காட்டாவிட்டால் அது கணவனைக் கண்காணிக்கும் சீட்டாகவோ மனைவியைக் கண்காணிக்கும் சீட்டாகவோ ஆகிவிடும். எந்த மானமுள்ள ஆளும் அதில் எழுத மாட்டார்.

மளிகைக் கடையில் டோக்கன் போட முடியாது. அங்கே இரவு எண்ணிக்கையை மட்டும் 30 நாள் எழுதிவாருங்கள். செவ்வாய்க்குச் செவ்வாய், ஞாயிற்றுக்கு ஞாயிறு ஒப்பிட்டால் எந்தக் கிழமையில் பள்ளம் விழுகிறது என்று தெரியும். அந்தக் கிழமை மதியம் கடையில் யார் உட்கார்ந்தார் என்பதும் தெரியும்.

சுவரில் ஒட்டிய க்யூஆர் யாருடையது?

கல்லாவுக்குப் பூட்டு போட்டவர்கள் பலரும் இதைப் பார்ப்பதில்லை. இன்றே யாராவது ஒருவர் போனில் உங்கள் கடை அட்டையை ஸ்கேன் செய்து 1 ரூபாய் அனுப்பிப் பாருங்கள். பணம் போகும் முன் திரையில் யார் பெயர் வருகிறது? ஆரம்பத்தில் அவசரத்துக்குக் கணவர் போனில் எடுத்த க்யூஆராக இருக்கும். மனைவி நடத்தும் கடையின் பாதி விற்பனை அவர் சேமிப்புக் கணக்கில் விழுந்துகொண்டிருக்கும்.

மாற்றுவதற்கு வரிசை உண்டு. முதலில் உங்கள் பெயரில் சிம் இருக்கிறதா பாருங்கள். யூபிஐ கணக்கு சிம்மோடு கட்டப்பட்டது, ஆதார் ஓடிபியும் எந்த எண்ணை இணைத்திருக்கிறீர்களோ அதற்குத்தான் வரும். இரண்டும் உங்கள் கையில் இருக்கும் எண்ணாக இருக்கட்டும். அடுத்தது கடை பெயரில் நடப்புக் கணக்கு. தனி உரிமையாளர் கடைக்கு, சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுச் சான்று பெரும்பாலும் கைகொடுக்கும். ஆதார், பான் இருந்தால் அரசு இணையதளத்திலேயே இலவசமாகப் பதியலாம், இதற்கு யாருக்கும் ஆயிரம் ரூபாய் கொடுக்காதீர்கள். பிறகு அந்தக் கணக்குக்குப் புது க்யூஆரும் சத்தம் போட்டுத் தொகை சொல்லும் பெட்டியும். கடைசியாகப் பழைய அட்டைகளைக் கிழியுங்கள். சுவரில் இருப்பதைக் கிழித்துவிட்டுத் தராசில் ஒட்டியதையும் கண்ணாடிக்கு அடியில் வைத்ததையும் மறந்துவிடுவார்கள். பின் நம்பரை நான்கு நாள் அவசரத்துக்குக் கூடச் சொல்லாதீர்கள்.

ஏற்கெனவே கூட்டுக் கணக்கு இருந்தால் பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் பாருங்கள். இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றிருக்கிறதா, இருவரும் சேர்ந்து கையெழுத்து போட வேண்டும் என்றிருக்கிறதா? முதல் வகையில் கடைப் பணம் வைத்திருப்பது பூட்டில்லாத கல்லா மாதிரி. அந்தக் கணக்கு வீட்டுக்கு இருக்கட்டும், வாரச் சம்பளத்தை அதில் போடுங்கள்.

கடன், சலுகை, சரக்கு

“எங்க அண்ணிதானே, பணம் அப்புறம் தருவாங்க.” இதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம், அளவு போடுங்கள். துணைவர் பக்கத்து உறவுக்கு மொத்தப் பாக்கி எந்த நேரத்திலும் 1,500ஐத் தாண்டக் கூடாது, தாண்டினால் அடுத்த சனிக்கிழமைக் கைச்செலவில் கழியும். உங்கள் பக்கத்து உறவுக்கும் அதே 1,500. பாக்கி நோட்டில் கொடுத்தவர் பெயரையும் எழுதுங்கள். கொடுத்தவரே போய்க் கேட்க வேண்டும் என்று வந்துவிட்டால் தாராளம் தானாகச் சுருங்கும்.

இதைவிட ஆபத்து, உங்களுக்குச் சரக்கு தருபவரிடம் போய்க் கடன் சொல்வது. லாங்கு பஜாரில் பல வருடம் பழகிய மொத்தக் கடைக்காரர், “உங்க வீட்டுக்காரர்தான் வாங்கிட்டுப் போனார்” என்று 12,000க்குக் கணக்கு நீட்டுவார். அவர் மேல் தப்பில்லை, இத்தனை நாள் அப்படித்தான் கொடுத்தார். நேரில் போய், ஒரு தாளிலும் எழுதிக் கொடுங்கள்:

“இந்தத் தேதி முதல் எங்கள் கடைக்கு நான் கையெழுத்திட்ட ஆர்டர் சீட்டு அல்லது என் எண்ணிலிருந்து வரும் வாட்ஸப் செய்தி இருந்தால் மட்டும் கடனுக்குச் சரக்கு கொடுக்கவும். ரொக்கத்துக்கு யார் வாங்கினாலும் சரி. இன்று வரையிலான பாக்கி இவ்வளவு, இந்தத் தேதிக்குள் தீர்த்துவிடுகிறேன்.”

கடைசி வரி முக்கியம். பழைய பாக்கியை ஒப்புக்கொள்ளாமல் புது விதி சொன்னால், நீங்கள் கைகழுவப் பார்க்கிறீர்கள் என்று அவர் நினைப்பார். வீட்டுச் சண்டையை அங்கே விளக்க வேண்டாம். “கணக்குக்கு வசதியா இருக்கும்ணே” என்றால் போதும்.

இரண்டு முதலாளி

சத்துவாச்சாரியில் இரண்டு மெஷின் போட்ட டெய்லர் கடை. ஒரு மெஷினில் நாளுக்கு நான்கைந்து லைனிங் ரவிக்கை தைக்கலாம் என்று வைத்தால் இரண்டிலும் சேர்த்து எட்டு, பத்து. தீபாவளிக்கு முந்தைய வாரம். கணவர் நண்பரின் மனைவிக்கு “நாளைக்கே தர்றோம்மா” என்று 4 ரவிக்கைக்கு வாக்குக் கொடுக்கிறார். ஒரு மெஷினுக்கு ஒரு நாள் போச்சு. முன்பணம் கொடுத்துக் காத்திருக்கும் நாலு பேருக்குத் தேதி தள்ளுகிறது. மாஸ்டருக்கு யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியவில்லை. நல்ல மாஸ்டர் சண்டை போட மாட்டார், பொங்கலுக்கு ஊருக்குப் போய் திரும்ப மாட்டார்.

இதற்கு “கடைக்கு வராதீங்க” என்பது பதில் இல்லை. எல்லை உள்ள ஒரு வேலையை முழுதாகக் கொடுங்கள். விடியற்காலை நேதாஜி மார்க்கெட்டில் காய் வாங்குவது, நூல், லைனிங், ஹூக் கொள்முதல், பாக்கி வசூல், மெஷின் பழுது, டெலிவரி என்று ஏதாவது ஒன்று. அந்த வேலையில் அவர் முடிவுதான் முடிவு. கத்தரிக்காய் கிலோவுக்கு 5 ரூபாய் கூடுதலாக வாங்கிவந்தாலும் அங்கே மூக்கை நுழைக்காதீர்கள். பதிலுக்கு, விலை, டெலிவரி தேதி, வேலையாள் இந்த மூன்றும் கடை நடத்துபவர் கையில். யாராவது அவரிடம் தேதி கேட்டால் சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் கொடுத்துவிடுங்கள்: “பில் புக்கைப் பார்த்துத்தான் தேதி சொல்ல முடியும்மா, அவங்க கிட்ட கேளுங்க.” வாக்கியம் இல்லாவிட்டால் மரியாதை போகும் என்று நினைத்து வாக்குக் கொடுத்துவிடுவார்.

வேலையாட்களிடம் நீங்களே ஒரு தடவை சொல்லுங்கள்: “சார் ஏதாவது சொன்னா சரின்னு கேட்டுக்கங்க, செய்யறதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்தை.” அவர்கள் முன்னால் துணைவரைத் திருத்தாதீர்கள். ஒரு தடவை திருத்தினால் ஒரு மாதம் பின்னால் போகும்.

வேலையைக் கொடுக்க இடமே இல்லை, வந்தாலே கெடுகிறது என்றால் நேரத்தைக் குறியுங்கள். கூட்டம் உள்ள மூன்று மணி நேரம் தவிர மற்ற நேரத்தில் வரலாம். அந்தக் கூட்ட நேரம் டிபன் கடைக்குக் காலை 7 முதல் 10, டெய்லர் கடைக்கு மாலை 5 முதல் 8.

பேச்சு: எங்கே, எப்போது, என்ன

கடையில் பேசாதீர்கள். சாப்பாட்டுக்கு முன் பேசாதீர்கள். மாமியார் காதுபட வேண்டவே வேண்டாம், அவர் உங்கள் பக்கம் பேசினாலும் கெடுதல்தான். ஞாயிறு மாலை கோட்டைப் பக்கம் நடந்துகொண்டே பேசலாம். முகத்துக்கு முகம் உட்காராமல் பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது குரல் ஏறுவது குறைவு. முதல் பேச்சு 45 நிமிடம், அப்புறம் வாரம் 20 நிமிடம்.

நோட்டைக் கொண்டுபோங்கள், விரித்து வாசிக்காதீர்கள். கூட்டுத் தொகையை மட்டும் சொல்லுங்கள்: “ரெண்டு வாரத்துல சீட்டில்லாம 4,100 போயிருக்கு. அதுல 900 நான் எடுத்தது.” அந்த 900 வாயிலிருந்து வந்தால்தான் மீதி 3,200 காதில் ஏறும். அடுத்து ஒரே ஒரு விதியைக் கேளுங்கள், நான்கைக் கேட்காதீர்கள்: “சனிக்கிழமை 7,000 வூட்டுக்கு, அதுல 1,050 உங்க கைக்கு. கல்லால யார் எடுத்தாலும் சீட்டு. ஒரு மாசம் பார்ப்போம்.” மறுத்தால், “அப்ப நீங்க ஒரு வழி சொல்லுங்க” என்று நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் வழி அரைகுறையாக இருந்தாலும் முதல் மாதம் அதையே ஓட்டலாம். எண்ணிக்கை மட்டும் நிற்கக் கூடாது.

முதல் இரண்டு வாரம் சோதித்துப் பார்ப்பார். சீட்டில் கோபமாக “சும்மா 200” என்று எழுதுவார். எழுதினாரே, அதுவே போதும், ஒன்றும் சொல்லாதீர்கள்.

பெயரும் கையெழுத்தும்

மகளிர் குழுக் கடனும் முத்ரா கடனும் மனைவி பெயரில் வாங்கி, கடையைக் கணவர் ஓட்டுவது இங்கே சாதாரணம். பணம் யார் கைக்குப் போனாலும், வங்கி கேட்பது கையெழுத்திட்டவரை. துணைவர் கடனுக்கு ஜாமீன் போட்டாலும் அப்படித்தான். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி ஜாமீன்தாரர் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். வெறுமனே கணவன் மனைவி என்பதால் ஒருவர் கடன் இன்னொருவர் தலையில் ஏறாது, கையெழுத்துதான் ஏற்றுகிறது.

கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையை வீட்டு பீரோவில் வைக்காதீர்கள். அது யார் கைக்கோ போய்த் திரும்பினால், வாங்கியவர் வங்கித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பலாம், அது கிடைத்த 15 நாளுக்குள் நீங்கள் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு. 2 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. பணம் கொடுக்காதே என்று வங்கிக்கு எழுதிவிட்டால் மட்டும் தப்பிவிட முடியாது.

சமாதானத்துக்காகத் துணைவரைப் பங்குதாரராகச் சேர்ப்பது பெரிய தவறு. 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி, வியாபாரத்தின் வழக்கமான போக்கில் ஒரு பங்குதாரர் செய்தது கடையையே கட்டுப்படுத்தும். அதாவது இத்தனை நாள் அதிகாரமில்லாமல் செய்ததை இனி அதிகாரத்தோடு செய்வார். சம்பளம் கொடுப்பது மேல். ஆனால் தொழிலுக்கான படிப்போ தகுதியோ இல்லாத துணைவருக்குக் கொடுக்கும் சம்பளம் வருமான வரியில் உங்கள் வருமானத்தோடு சேரக் கூடும், வரி கட்டும் அளவு கடை என்றால் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் மதியம் உட்கார்ந்து இந்தத் தாள்களில் யார் பெயர் என்று பாருங்கள்: வாடகை ஒப்பந்தம், அட்வான்ஸ் ரசீது, கரண்ட் கார்டு, மாநகராட்சி உரிமம், உணவுக் கடைக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு, ஜிஎஸ்டி இருந்தால் அது, மெஷின் பில், நகைக்கடன் சீட்டு. வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில் இருந்தால், கோபத்தில் ஒரு நாள் கடையைக் காலி செய்து அட்வான்ஸை வாங்கிக்கொண்டு போக முடியும். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது மாற்றிவிடுங்கள். மனைவியின் நகையைக் கடைக்காக அடகு வைத்தால் அவர் பெயரிலேயே வையுங்கள். சீர் நகை அவருடைய சொத்து. எல்லாவற்றையும் ஒரு நகல் எடுத்துக் கடைக்கும் வீட்டுக்கும் வெளியே நம்பகமான ஓரிடத்தில் வையுங்கள்.

குடி, சூதாட்டம், அடி

இங்கே துண்டுச்சீட்டும் சனிக்கிழமைச் சம்பளமும் வேலை செய்யாது. குடிப்பழக்கம் முற்றியவரிடம் கைச்செலவு என்று 1,050 கொடுத்தால் அது எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ரொக்கத்தைக் குறையுங்கள்: பால், காய் முதற்கொண்டு போனில் கொடுங்கள், பெட்டிப் பணத்தை நாளுக்கு இரண்டு தடவை வங்கிக்கோ நம்பும் ஆளுக்கோ மாற்றுங்கள், மாலை 5க்குப் பிறகு கல்லாவில் சில்லறை மட்டும். வீட்டுச் சாமானைப் பணமாகக் கொடுக்காமல் பொருளாக வாங்கிக் கொடுங்கள். போனில் ரம்மி ஆடுபவர் என்றால் உங்கள் போன், ஏடிஎம் அட்டை, ஓடிபி எதுவும் அவர் கையில் போகக் கூடாது.

அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கச் சொல்லி மாத்திரையோ பொடியோ விற்பார்கள். வேண்டாம். குடியை வெறுக்கச் செய்யும் மாத்திரை உடலில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில், அவர் சம்மதத்தோடுதான் கொடுக்க வேண்டும். அதுபோல, நாள்தோறும் நிறையக் குடிப்பவரை வீட்டில் பூட்டி வைத்துத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. இரண்டு மூன்று நாளுக்குள் கை நடுக்கம், வலிப்பு, குழப்பம் வரலாம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ, பாகாயத்தில் உள்ள சிஎம்சியின் மனநல மையத்திலோ காட்டுங்கள். போதைப் பழக்கத்துக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்களில் பேசலாம். அவர் வர மறுத்தாலும் நீங்கள் மட்டும் பேசலாம்.

அடித்தால், மிரட்டினால், கடையில் வந்து பொருளை உடைத்தால் அது வியாபாரப் பிரச்சினை இல்லை. உடனே ஆபத்து என்றால் 112. பெண்களுக்கு 181. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் அடியை மட்டும் பார்ப்பதில்லை. சம்பாதித்த பணத்தைப் பிடுங்குவது, சீர் நகையை விற்பது போன்ற பொருளாதாரக் கொடுமையும் அதில் வரும். வேலை செய்யும் இடத்துக்குள் அவர் வரக் கூடாது, வங்கிக் கணக்கையும் லாக்கரையும் அனுமதியில்லாமல் கையாளக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட முடியும். கடை நடத்தும் பெண்ணுக்கு இந்த இரண்டும் பெரிய ஆயுதம். மனுவில் இவற்றைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும், கேட்காமல் விட்டால் பொதுவான உத்தரவோடு நின்றுவிடும்.

மனு கொடுக்க மாவட்ட சமூக நலத் துறையின் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லை என்று நிற்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100. 2019இல் மாவட்டம் பிரிந்ததால் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூர் மாவட்ட அலுவலகங்களுக்கும், ஆற்காடு, வாலாஜாக்காரர்கள் ராணிப்பேட்டைக்கும் போக வேண்டும். குடியாத்தம், காட்பாடி, அணைக்கட்டு வேலூரிலேயே. அந்த 14 நாள் நோட்டு, துண்டுச்சீட்டுகள், பாஸ்புக் நகல், உடைந்த பொருளின் படம் எல்லாம் இப்போது சாட்சி.

பாதிக்கப்பட்டவர் ஆண் என்றால் இந்தச் சட்டம் பொருந்தாது. போலீஸ் புகாரும், கடைக்குள் இடையூறு செய்யாமல் தடுக்க உரிமையியல் நீதிமன்றத் தடையாணையும், சமரச மையமும்தான் வழி.

எப்போது தொடங்குவது

தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் தொடங்காதீர்கள். கல்லா நிறையும் மாதத்தில் விதி போட்டால், பணம் வந்ததும் ஒதுக்குகிறாள், ஒதுக்குகிறான் என்றுதான் தோன்றும். வியாபாரம் மந்தமான ஆடியில் நோட்டு எழுதுங்கள், ஆவணியில் பேசுங்கள். தீபாவளி நெரிசல் வரும்போது சீட்டு எழுதுவது கைக்குப் பழகியிருக்கும். ஆஸ்பத்திரியை நம்பிய கடைகளுக்கு ஆடியும் தீபாவளியும் அவ்வளவு வித்தியாசமில்லை. அவர்கள் வரும் திங்கட்கிழமையே 40 பக்க நோட்டை வாங்கிவிடலாம்.